டவருக்கு எதிராக உன்னைச் சாட்சியாக்கினேன்

கண்ணு,

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. எங்கள் அங்கன்வாடி ஊழியர்கள் நடத்துகிற சின்ன இதழுக்குக் கொடுக்கப்போகிறேன். நம் ஊர் மகளிர் குழுக் கூட்டத்தில் நானே வாசிக்கவும் போகிறேன். உன்னைப் பற்றி ஊர் நடுவில் பேசியவள், அதைத் திருத்துவதையும் ஊர் நடுவில்தான் செய்ய வேண்டும். ஆனால் இந்த முறை உன்னைக் கேட்டுக்கொண்டேன். எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதலாமா என்று செவ்வாய்க்கிழமை செய்தி அனுப்பினேன். மறுநாள் மத்தியானம்தான் உன் பதில் வந்தது. “எழுதிக்கோ. என் பேரு வேணாம். அவர் பேரும் வேணாம்.” உன் கணவனாக இருந்த அந்த மனிதனின் பெயரையும் காப்பாற்ற வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மையத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட எழுந்தேன்.

நீ புது வேலைக்கு ஓசூருக்குப் போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிறுத்தம் வரை வருகிறேன் என்றேன். “வேணாம்மா, பையி ஒண்ணுதான், நானே போய்க்கிறேன்” என்றாய். உன் அப்பா மட்டும் லாரி யார்டு டூட்டிக்குப் போகிற வழியில் உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நான் வாசலில் நின்றேன். நீ திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாய். கோபமாக இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நீ என்னிடம் மரியாதையாக நடந்துகொள்ள ஆரம்பித்து ஒன்றரை வருடமாகிறது.

நீ பாலிடெக்னிக் முடித்து செல்போன் கம்பெனியில் சேர்ந்தபோது உனக்கு இருபது வயது. முதல் வருடம் ஸ்க்ரூ போடுகிற லைன். அப்புறம் டெஸ்டிங். இருபத்து மூன்றில் லைன் லீடர். தென் மாவட்டங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பிள்ளைகள் உன்னை அக்கா என்று கூப்பிட்டார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியாத நான்கைந்து பேரை நீ நம் வீட்டுக்கு அழைத்து வருவாய். அவர்கள் என் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு உப்பு குறைச்சல் என்று உண்மையைச் சொல்லுவார்கள். உன் வேலை என்னவென்று அப்போது ஒருநாள் எனக்கு விளக்கினாய். ஒவ்வொரு போனையும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடுவார்கள், உள்ளே புதிய ஐந்தாம் தலைமுறை சிக்னல் சரியாகப் போகிறதா, வருகிறதா என்று மெஷின் பார்க்கும், சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். “அது இன்னாத்துக்குக் கண்ணு அவ்ளோ கெட்டியான பொட்டி?” என்று கேட்டேன். “வெளிய கீற சிக்னல் உள்ள பூந்துட்டா டெஸ்ட் தப்பா காட்டும்மா. அதுக்குத்தான்” என்றாய். நான் தலையை ஆட்டினேன். ஆனால் என் மனதில் அது வேறு மாதிரிப் பதிந்துவிட்டது. உள்ளே இருப்பது ஆகாத ஏதோ ஒன்று, அது வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கதவு என்று. நீ சொன்னதற்கு நேர் எதிர். நான் திரும்பக் கேட்டிருக்கலாம். தெரிந்த மாதிரித் தலையாட்டுவது இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் எனக்கு வந்துவிட்ட பழக்கம்.

உன் கல்யாணம் நடந்து எட்டாவது மாதம் நீ உண்டானாய். மாப்பிள்ளை கோவில்பட்டிப் பக்கம், ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி. தேடினாலும் கிடைக்காத அமைதி என்று ஊரே சொன்னது. என் பதிவேட்டில் எத்தனையோ கர்ப்பிணிகளின் பெயரை எழுதியிருக்கிறேன், உன் பெயரை எழுதும்போது பேனா ஓடவில்லை. சத்துமாவு, இரும்புச்சத்து மாத்திரை, எடை எல்லாம் உனக்கு என் கையாலேயே நடந்தது. இப்போது நான் சொல்லப்போவது உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. நான்காம் மாதக் கடைசியில் ஒருநாள் ஷிப்ட் முடிந்து நேராக மையத்துக்கு வந்தாய். அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது என்றாய். அன்று எனக்கு மேலதிகாரி பார்வைக்கு வருகிற நாள், பதிவேடுகள் பாதி எழுதாமல் கிடந்தன. நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “வாயுவா இருக்கும், சீரகத் தண்ணி குடி, ரெண்டு நாள் லீவு போடு” என்றேன். இதே வார்த்தையை வேறொரு பெண் சொல்லியிருந்தால் அப்போதே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். நீ என் பெண் என்பதால் உனக்கு எதுவும் ஆகாது என்று நம்பியிருந்தேன் போல.

பதினோராம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய், “பாத்தியாம்மா? இன்னா கொழந்த?” நான் பார்க்கவில்லை என்றேன். பார்த்தேன், கண்ணு. பெண். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. காதுகள் உன்னுடையவை. அதைச் சுற்றிய துணியை நர்ஸ் கையில் கொடுத்தபோது என் கைதான் கொடுத்தது, நான் கொடுக்கவில்லை.

நீ நம் வீட்டில் படுத்திருந்த நாட்களில்தான் நம் தெரு ஏழுமலையின் காலி மனையில் டவர் ஏறியது. அங்கன்வாடிக்கும் அந்த மனைக்கும் நடுவே ஒரு சந்துதான். யாரையும் கேட்கவில்லை, ஒரு அறிவிப்பும் இல்லை. திங்கட்கிழமை குழி தோண்டினார்கள், அந்த வாரமே கம்பிகள் எழுந்துவிட்டன. ஐந்தாம் தலைமுறை டவராம், பழையதைவிட வேகமாம் என்றார்கள். வேகமென்றால் அது உடம்புக்குள்ளும் வேகமாகப் போகுமா என்று தாய்மார்கள் என்னிடம் கேட்டார்கள். பிள்ளைகளை மையத்துக்கு அனுப்பத் தயங்கினார்கள். வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வந்தது, கேன்சர் என்றும், மலடு என்றும், மரம் பட்டுப்போகும் என்றும். பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் எங்கள் தெருவுக்கு வரவில்லை. அந்தப் பயத்தில் பொய் இல்லை, அதை இப்போதும் சொல்லுவேன். கேட்காமல் கொண்டுவந்து நட்டதைப் பார்த்துப் பயப்படாமல் யார் இருப்பார்கள்?

என் பயம் மட்டும் கொஞ்சம் வேறு. எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. சீரகத் தண்ணி என்று நான் சொன்ன அந்தச் சாயங்காலம் என்னைத் தின்றுகொண்டிருந்தது. வெளியில் ஒரு குற்றவாளி கிடைத்தால் நான் தப்பித்துக்கொள்ளலாம். மேலே டவர், உன் கம்பெனியில் இரும்புப் பெட்டி, இரண்டிலும் அதே அலை. எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

கிராம சபையன்று ஒரு அதிகாரியும் டவர் கம்பெனி ஆளும் வந்தார்கள். அதிகாரி டி.வி. ரிமோட் மாதிரி ஒரு கருவியை டவர் பக்கம் நீட்டி, அதில் வந்த எண்ணைக் காட்டினார். “அரசு வச்சிருக்கற அளவுக்கு ரொம்பக் கீழதான் இருக்குது, பயப்பட ஒண்ணும் இல்ல” என்றார். “அந்த அளவ யாரு வச்சா? எங்க தெருவுல வந்து கேட்டுகினா வச்சாங்க?” என்று ஒரு குரல். ஏழுமலை எழுந்து, “நீங்கல்லாம் கைல வச்சிகினு கீறது இன்னா, வெத்தலப் பொட்டியா? அதுலயும் அதே அலைதான் கீது” என்றான். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. போய் மைக்கை வாங்கினேன். “எனக்கு உங்க மிஷினு காட்டுற நம்பரு தெரியாது சார். எம் பொண்ணு செல்போன் கம்பெனில சிக்னல் டெஸ்ட் பண்ற எடத்துல வேல செய்யிது. ரெண்டு மாசம் முன்ன, அஞ்சாம் மாசத்துல, வவுத்துல இருந்தது போயிடுச்சு. இன்னும் எத்தினி பொண்ணுங்க வவுறு காலியாவணும்னு சொல்லுங்க, நாங்க கம்முனு வூட்டுக்குப் போறோம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். அங்கன்வாடி டீச்சர் சொல்கிறாள், ஊரின் பாதிப் பிள்ளைகளை எடை போட்டவள், அவளுக்குத் தெரியாதா? அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது. அதையும் மறைக்கமாட்டேன். அன்று ராத்திரி உன் அப்பா சாப்பிட உட்காரவில்லை. “அவ வவுத்துல நடந்தத நீ ஏன்டி மைக்குல சொன்ன?” என்று மட்டும் கேட்டார். “ஊருக்கு நல்லதுதானே” என்றேன்.

யாரோ அதைப் படம் பிடித்திருந்தார்கள். மறுநாள் உன் கேன்டீனில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசைப் பெண்களின் போனில் என் குரல் கேட்டு நீ நிமிர்ந்தாயாம். இதை நீ சொல்லவில்லை, உன்னோடு வேலை பார்த்த பெண் பிற்பாடு சொன்னாள். எனக்கு நீ அழைத்தபோது கத்தவில்லை. “ம்மா, எனக்கு நடந்தது நான் இன்னும் யாருக்கும் சொல்லல. காய்ச்சல்னு சொல்லித்தான் லீவு எடுத்துருந்தேன்” என்றாய். பிறகு போனை வைத்துவிட்டாய். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பெரிய காரியத்துக்காகச் சின்ன வலி என்று நினைத்தேன். வலி உன்னுடையது என்பதால் அது எனக்குச் சின்னதாகத் தெரிந்தது.

அந்த வாரத்தில் ஹாஸ்டல் பிள்ளைகளின் பெற்றோர் ஒவ்வொருவராக ஊரிலிருந்து போன் செய்தார்கள். மூன்று பேரை அழைத்துப் போய்விட்டார்கள். ஹெச்.ஆரில் உன்னைக் கூப்பிட்டு, உன் நன்மைக்குத்தான் என்று சொல்லி, டெஸ்டிங்கிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். லைன் லீடர் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாய். கோவில்பட்டியிலிருந்து உன் மாமியார் அந்த வீடியோவோடு வந்து இறங்கினார்கள். நான் அவர்களைச் சமாதானப்படுத்தப் போனேன். “மதினி, நான் ஒண்ணும் இட்டுக்கட்டிச் சொல்லலயே. பெத்த தாய் நீங்களே மைக்குல சொல்லிட்டிய, அந்த வேலையால வயிறு கெட்டுப்போச்சுன்னு. இனி எங்க ஊருல யாரு என்ன கேட்டாலும் நான் என்னத்தச் சொல்ல?” என்றார்கள். நான் சொன்னது அலையை என்றேன். அவர்கள் காதில் விழுந்தது உன் வயிறு. சொல்லப்போனால் ஊரில் யார் காதிலும் வேறெதுவும் விழுந்திருக்கவில்லை.

நீ வேலையை விட்டாய். டவர் தெரியாத இடமாகப் பார்த்து உன் மாமியாரும் மாப்பிள்ளையும் பென்னலூரில் வீடு எடுத்தார்கள். மறுபடி உண்டானபோது உன் கையிலிருந்து போனையே வாங்கி வைத்துவிட்டார்கள். வை-ஃபை இருக்கிறதென்று பக்கத்து வீட்டோடு சண்டை. நானும் அதற்கெல்லாம் சரி சரி என்றேன். வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கும்போது, ஜன்னலை மூடிய அறையில் நீ சும்மா உட்கார்ந்திருப்பாய். நூறு பேரை வேலை வாங்கியவள். “பொழுது எப்பிடி கண்ணு போவுது?” என்றால், “போவுதும்மா” என்பாய். மெஷின் இல்லை, டவர் இல்லை, போன் இல்லை. அதே ஐந்தாம் மாதம், அதே மாதிரி, அதுவும் போய்விட்டது. பையன் என்றார்கள். இந்தத் தடவை நீ என்னைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கர்ப்பப்பையின் நடுவில், பிறவியிலேயே, ஒரு சின்னத் தடுப்புச் சுவர். பிள்ளை வளர வளர இடம் போதாமல் போயிருக்கிறது. வயிற்றைக் கிழிக்காமலே சரிசெய்துவிடலாமாம். நான் அப்போதும் விடாமல், “மேடம், அந்த அலை…” என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “போன் அலையால கரு கலைஞ்சு நான் ஒரு கேஸும் பாத்ததில்லம்மா. புதுசா ஒண்ணு வந்தா நீங்க கேள்வி கேக்கறது சரிதான், கேளுங்க. ஆனா உங்க பொண்ணுக்குக் காரணம் இது. இவங்க பொறக்கும்போதே கூட வந்தது. மொதல் தடவ வயிறு இழுத்துப் பிடிச்சப்பவே யாராவது அனுப்பியிருந்தா அப்பவே பாத்திருப்போம்” என்றார். யாராவது என்றுதான் சொன்னார். நீ என் பக்கம் திரும்பவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தாய்.

சிகிச்சை முடிந்து நீ எழுந்து நடமாடுவதற்குள் அங்கே அவர்கள் பிரித்துவிடுவதென்று முடிவு எடுத்துவிட்டிருந்தார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு நான் கோவில்பட்டி வரை போனேன். உன் மாமியார் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “இவ்வளவு நாளு ஒண்ணு சொன்னிய, இப்ப ஒண்ணு சொல்லுதிய. எத நம்ப?” என்றார்கள். மாப்பிள்ளை பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கெட்டவர் இல்லை. அம்மாவை மீறிப் பேசப் பழகாதவர், அவ்வளவுதான். காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். சம்மதித்துப் பிரிகிறோம் என்று நீ கையெழுத்துப் போட்ட அன்று, கோர்ட்டு வாசலில் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாய். நான் வெயிலில் மயங்கிவிடுவேன் என்று பயந்தாயாம்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். ஒருநாள் காலை நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ஆரம்பித்தேன். ஆனால் பழையபடி எங்கேயோ போய்விட்டேன். “நான் பயந்துட்டேன் கண்ணு. கேட்டா தப்பா?” என்றேன். நீ தண்டைக் கிள்ளிக்கொண்டே சொன்னாய், “நீ பயந்ததும் தப்பில்ல, கேட்டதும் தப்பில்லம்மா. டவர் வோணாம்னா வோணாம்னு சொல்லு. அளவு இன்னான்னு கேளு, பேப்பர் காட்டச் சொல்லு. அதுக்கு என்னிய ஏம்மா காட்டுன?” கீரையை அலசப் போய்விட்டாய்.

கேட்கிறேன், கண்ணு, இப்போதும் கேட்கிறேன். சென்ற மாதம்தான் டவரை அளந்த காகிதத்தின் நகல் வேண்டுமென்று மனுப் போட்டேன். பயம் முழுதாகப் போகவில்லை. மையத்துப் பிள்ளை ஒன்று வாந்தி எடுத்தால் என் கண் தானாக மேலே போகிறது. ஆனால் இப்போது முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், அப்புறம்தான் மேலே பார்க்கிறேன். வயிறு இழுக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். இதையெல்லாம் நான் கற்றுக்கொள்ள நீ இவ்வளவு பட்டிருக்க வேண்டாம். ஓசூரில் உனக்குக் கீழே புதிதாக வரும் பிள்ளைகள் ஏதாவது பயந்து கேட்டால் சிரிக்காமல் பதில் சொல். பெட்டியைத் திறந்து காட்டு. எனக்கு விளக்கியதைவிட இன்னொரு தடவை கூடுதலாக விளக்கு. உன் அம்மா மாதிரித் தலையாட்டுகிறவர்களை மட்டும் நம்பாதே.

போன வியாழக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் ஒரு அம்மா தன் பெண்ணோடு மையத்து வாசலுக்கு வந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம். பெண்ணுக்கு இருபது வயது இருக்கும், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, காலடியில் துணிப்பை. அந்த அம்மா போனை நீட்டி, “இது நீங்கதானம்மா?” என்றார்கள். வீடியோவில் நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம்தான் வந்ததாம். மகளை அழைத்துப்போக வந்தவர்கள், சொன்னது நிஜமா என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். சுவர், ஸ்கேன், டாக்டரம்மா சொன்னது, சீரகத் தண்ணி உட்பட. நான் சொன்னது தப்பு என்று மூன்று தடவை சொன்னேன். அந்தப் பெண் கேட்டாள், “உங்க மக இப்ப எங்கம்மா வேல பாக்காவ?” ஓசூரில், அதே டெஸ்டிங்கில், என்றேன். அவள் முகம் மலர்ந்து தன் அம்மாவைத் தொட்டு, “கேட்டியாம்மா?” என்றாள். அந்த அம்மா என்னைப் பார்த்து, ரொம்ப இரக்கமாகத்தான் கேட்டார்கள், “உங்க மகளுக்குப் பிள்ளைய எத்தன?” இல்லை என்றேன். அவர்கள் மகள் பக்கம் திரும்பி, “நீ கேட்டியாட்டி?” என்றார்கள்.

சிங்கப்பெருமாள் கோவில் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்கள். சாயங்கால ரயிலாம். அந்தப் பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு, அடையாள அட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். நான் தெருமுனை வரை கூடவே நடந்தேன். சொல்ல இன்னும் நிறைய இருந்தது. ஆட்டோ பெரிய ரோட்டில் ஏறியதும் நின்றுவிட்டேன்.

கண்ணு, இத்தனை பக்கத்தில் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். உன் குழந்தைகள் போனதற்குக் காரணம் பிறவியிலேயே இருந்த சுவர்தான் என்று டாக்டர் சொன்னாலும், உன்னை நான்தான் ஊர் வாயில் போட்டேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கமாட்டேன். கேட்டால் நீ உடனே சரி என்று சொல்லிவிடுவாய், எனக்குத் தெரியும். வேண்டாம். நீ அங்கே நன்றாகத் தூங்கு, வேளைக்குச் சாப்பிடு. உன் துக்கத்தை யாரிடம் சொல்லத் தோன்றுகிறதோ அவர்களிடம் சொல். அது நானாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அம்மா